நிறையைப் பூஜ்ஜியமாக்கலாமா? சிதறல் கணக்கில் ஒரு சோதனை

துகள்கள் மோதினால் என்ன வெளிவரும், எவ்வளவு வரும் என்று பார்க்கும் சிதறல் கணக்கு போடத் தொடங்கியதுமே கிடைக்கும் முதல் சலுகை இது: ‘ஆற்றல் அதிகம், நிறையை விட்டுவிடு.’ பக்கம் பக்கமாக ஓடும் இயற்கணிதம் நாலு வரியில் முடிந்துவிடும். அது எங்கே காலை வாருகிறது என்று போட்டே பார்த்துவிடலாம். ஒளியின் வேகம் 1. நிறையும் ஆற்றலும் ஜி.இ.வி. (நூறு கோடி எலெக்ட்ரான் வோல்ட்) அலகில்.

படி 1: எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதி அழிந்து, டௌ இணை (எலெக்ட்ரானின் கனத்த உறவுக்காரத் துகளும் அதன் எதிர்த்துகளும்) பிறக்கிறது. நடுவில் ஒரே ஒரு ஃபோட்டான் என்று வைத்துக்கொள்வோம்.

க = 4 × (டௌ நிறை)² ÷ (மொத்த ஆற்றல்)²

டௌ நிறையை விட்டுவிட்டுக் கிடைத்த குறுக்குவெட்டை (நிகழ்வு நடக்கும் வாய்ப்பின் அளவை) √(1 − க) × (1 + க/2) என்பதால் பெருக்கினால், நிறையோடு சேர்த்த விடை.

படி 2: டௌ நிறை 1.777. ஜப்பானின் சுகுபாவில் உள்ள மோதுவிப்பானின் ஆற்றல் 10.58. க = 0.113, காரணி 0.995. பிழை அரை சதவீதம்தான்! விரித்துப் பாருங்கள்: க-வின் முதல் படி அடிபட்டுப்போய் 1 − 3க²/8 மிஞ்சும். இந்த அதிர்ஷ்டம் எல்லாக் கணக்கிலும் வாய்க்காது.

படி 3: ஆற்றலை 4 ஆக்குங்கள். க = 0.789, காரணி 0.64. நிறையில்லாக் கணக்கு 100 நிகழ்வு என்று சொல்லும் இடத்தில் நடப்பது 64. 3.554-க்குக் கீழே டௌ இணை பிறக்கவே முடியாது. அங்கேயும் அந்தக் கணக்கு கூசாமல் ஒரு விடை தரும்.

படி 4: இனி டௌவுக்குப் பதில் இரண்டு ஃபோட்டான்கள் வெளிவரட்டும். எலெக்ட்ரான் நிறை 0.000511, ஆற்றல் அதே 10.58. இதைவிடப் பாதுகாப்பான தோராயம் உண்டா என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் குறுக்குவெட்டுச் சூத்திரத்தின் பகுதியில் (பின்னத்தின் கீழ்ப்பக்கத்தில்) (1 − கொசைன்) இருக்கிறது; கற்றைக்கும் ஃபோட்டானுக்கும் இடையிலான கோணத்தின் கொசைன் அது. கற்றையின் திசையில் (1 − கொசைன்) பூஜ்ஜியம், விடை முடிவிலி. நிறையைச் சேர்த்தால் அதே இடத்தில் (1 − வேகம் × கொசைன்) வரும். எலெக்ட்ரானின் வேகம் 1-ஐவிட ஒரு துளி குறைவு. அந்தத் துளிதான் கணக்கைக் காப்பாற்றுகிறது.

ஆகவே நிறையைக் கற்றையின் ஆற்றலோடு ஒப்பிட்டால் போதாது. பகுதியில் எது மிகச் சிறிதாகிறதோ அதோடு ஒப்பிட வேண்டும். இங்கே தோராயம் உடையும் கோணம் 0.000511 ÷ 5.29 (மொத்த ஆற்றலில் பாதி) ரேடியன், அதாவது சுமார் 0.0055 பாகை. உணர்கருவி 20 பாகைக்கு மேல்தான் பார்க்கிறது என்றால் நிறையைத் தாராளமாக விடுங்கள். மொத்தக் குறுக்குவெட்டு வேண்டுமென்றால் விடக்கூடாது: அதில் ஆற்றலுக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தின் மடக்கை நிற்கிறது.