கொலைகாரனைப் பார்த்துச் சிரிக்கப் பழகுவது எப்படி

கூலிக்குக் கொலை செய்கிறவனைப் பார்த்துச் சிரிப்பும் வரவேண்டும், அவனை நினைத்து மனமும் நோகவேண்டும். அப்படியான படங்கள்தான் எனக்கு உயிர். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில், போயா என்கிற பௌர்ணமி விடுமுறைக்கு முதல்நாள் இரவுகளில், நண்பர்களுக்கும் மருமகனின் கூட்டாளிகளுக்கும் இவற்றைப் போட்டுக் காட்டுகிறேன். நீங்களும் காட்ட நினைத்தால் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் தமிழில் தொடங்குங்கள். கார்த்திக் சுப்புராஜின் 'ஜிகர்தண்டா' (2014) நல்ல வாசல். முதல் பாதியில் நடுங்கவைக்கும் மதுரை ரவுடி சேது, பிறகு வாத்தியார் வைத்து நடிப்புப் பழகுகிறான். நீங்கள் பார்த்துப் பயந்த ஆளையே பார்த்துச் சிரிக்கிறீர்களா? சரி, அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்தது மார்ட்டின் மெக்டோனாவின் 'இன் புரூஜ்' (2008). இதைப் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. படத்தில் ஒரு சின்னப் பையன் சுடப்பட்டுச் சாகிறான் என்று வந்திருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். திருகோணமலையில் என் வயதுக்காரர் பலர் துப்பாக்கிச் சத்தத்தைப் படத்தில் கேட்பதற்கு முதலே வெளியில் கேட்டவர்கள். யாராவது பாதியில் எழும்பிப் போனால் காரணம் கேட்க வேண்டாம். பிளேன்டீ ஊற்றிக் கொடுங்கள், போதும்.

கதை இதுதான். ரே என்ற இளைஞன் தன் முதல் வேலையாக ஒரு பாதிரியாரைச் சுடுகிறான். குண்டு தவறி ஒரு சிறுவனிலும் படுகிறது. ரேயையும் அவனுடைய மூத்த கூட்டாளி கென்னையும் பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்தில் போய் ஒளிந்திருக்கச் சொல்கிறார்கள். பாவமன்னிப்புக் கேட்க வந்த அந்தப் பையனின் கையில் ஒரு துண்டுக் கடதாசி. தன் பாவங்களை எழுதி வைத்திருக்கிறான்: கணக்கு ஓடாதது, கவலையாக இருப்பது. இந்த இடத்தில் படத்தை நிறுத்தி வையுங்கள். சிரிப்பு வாய்வரை வந்து நிற்கும், அதோடு தொண்டையும் அடைக்கும். இந்த வகைப் படத்தின் சூட்சுமம் முழுவதும் எனக்கு அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

பிறகு பூங்காக் காட்சி. ரேயைக் கொல்லச் சொல்லி முதலாளி கென்னுக்குக் கட்டளை இடுகிறான். கென் துப்பாக்கியோடு பின்னால் போகிறான். ரேயோ தன் தலையிலேயே துப்பாக்கியை வைத்துக்கொண்டு இருக்கிறான். கொல்ல வந்தவன் "வேண்டாம்" என்று கத்தித் தடுக்கிறான். பொடியள் இங்கே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்க விடுங்கள். சிரித்து ஓய்ந்ததும், "கென் ஏன் தடுத்தான்?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் விறாந்தையில் அந்தக் கேள்வி நடுச்சாமம் தாண்டியும் முடிவதில்லை.

சண்டைப் படங்களில் கதாநாயகன் முப்பது பேரைச் சாய்த்துவிட்டுப் பாட்டுக்குப் போவான். விழுந்தவனுக்கு வீடு இருந்ததா, யார் அழுதார்கள், ஒன்றும் தெரியாது. இந்தப் படங்களில் ஒரேயொரு சாவு கடைசிவரை கொன்றவனை விடாது. ஒரு சாவு ஒரு வீட்டை என்ன செய்யும் என்று தெரிந்த எங்களுக்கு இதுதான் மரியாதையான சினிமா என்று நான் நம்புகிறேன்.

மொழிமாற்றிய குரலில் பார்க்காதீர்கள். ஐரிஷ்காரரின் பேச்சு வேகத்தில்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது. கீழே எழுத்துப் போட்டுப் பாருங்கள். முடிவு பாரமாக இருந்தால், அடுத்த போயாவுக்கு 'குரோஸ் பாயின்ட் பிளாங்க்' (1997) போடுங்கள். பழைய பாடசாலை ஒன்றுகூடலுக்குப் போகும் கூலிக் கொலைகாரன், கேட்கிறவர்களிடம் தன் தொழிலை உள்ளபடியே சொல்கிறான், ஒருவரும் நம்புவதில்லை.