பால்நிலையைப் பாடமாக்கும்போது எங்கே பிழைக்கிறது?

தொழில்நுட்பப் பாடத்தின் கடைசி வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, ‘பெண்களும் தொழில்நுட்பமும்’ என்று ஸ்லைட் போடுவதுதான் முதல் தவறு. நானும் செய்திருக்கிறேன். நிலாவெளி வீதியில் பஸ் பிடிக்கும் அவசரத்தில் பிள்ளைகள் பையை மடியிலேயே வைத்திருந்தார்கள். “சேர், இது சோதனைக்கு வருமா?” என்று ஒருவன் கேட்டான். அவனில் பிழை இல்லை. பாடத்தோடு ஒட்டாததை யாரும் உபதேசமாகத்தான் எடுப்பார்கள்.

பால்நிலை வர வேண்டிய இடம் அளவீடு. கார் மோதல் சோதனைக்குப் பல காலமாகப் பயன்பட்ட ஹைபிரிட் 3 பொம்மை, சராசரி ஆணின் உடலளவில் 1970களில் செய்யப்பட்டது. பெண் பொம்மை என்று வந்தது அதன் சுருக்கப் பிரதி. உயரம் ஏறத்தாழ 150 செ.மீ. சுவீடனில் அஸ்ட்ரிட் லிண்டரின் குழு சராசரிப் பெண்ணின் அளவில், 162 செ.மீ., 62 கிலோவில், ஒரு பொம்மையைக் காட்டியது 2022இல்தான். அமெரிக்க விபத்துத் தரவை வைத்து 2011இல் வந்த ஓர் ஆய்வின்படி, சீட் பெல்ட் போட்ட பெண் சாரதிகளுக்குக் கடும் காயம் ஏற்படும் வாய்ப்பு, அதே நிலைமையில் உள்ள ஆண்களைவிட 47% அதிகம். இதை விசை, முடுக்கம் படிக்கிற நாளிலேயே சொல்லுங்கள். கழுத்தின் பலமா, இருக்கையின் விறைப்பா என்று பிள்ளைகளே வாதாடத் தொடங்குவார்கள்.

அடுத்தது, சராசரியோடு நின்றுவிடுவது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று மென்பொருள்களை ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களில் பிழை 0.8%ஐத் தாண்டவில்லை, கருநிறப் பெண்களில் 34.7% வரை போனது. மொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணில் இது தெரியாது. ஒப்படையில் அட்டவணையை இப்படிக் குழுவாரியாகப் பிரித்துப் போடாதவருக்குப் புள்ளியைக் குறையுங்கள்.

எல்லா உதாரணமும் வெளிநாட்டிலிருந்தே வந்தால் அதுவும் பிழை. மீன் விலை பார்க்கும் செயலி ஒன்றை ஒரு குழு செய்தது. பயனர் யார் என்று கேட்டேன். படகில் நிற்கும் ஓர் ஆணை வரைந்து காட்டினார்கள். சரி, சல்லி என்ற மீனவ ஊரின் கரைக்குப் போய்க் கொடுத்துப் பாருங்கள் என்றேன். அங்கே சூடை மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவரின் விரலெல்லாம் உப்புத் தண்ணீரும் செதிலும். திரை அசையவில்லை. கையைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். செயலி குறுஞ்செய்தியில் அனுப்பும் கடவு எண்ணைக் கேட்டது. அது போகும் தொலைபேசியோ கணவரோடு கடலில்!

திரும்பி வந்ததும் ஒருவர், “பெண்களுக்கென்று ரோஸ் நிறத்தில் ஒன்று செய்வோமா?” என்றார். வேண்டவே வேண்டாம். பெரிய பொத்தான், குரலில் விலை, கடவு எண் இல்லாத நுழைவு: இவை படகில் இருப்பவருக்கும் உதவும்.

வகுப்பில் இருக்கும் நான்கு மாணவிகளைப் பார்த்து, “பெண்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். அவர்கள் யாருக்கும் பிரதிநிதிகள் இல்லை.

ஆய்வுகூடத்தையும் கவனியுங்கள். விட்டால் பற்றாசுக் கோல் (சோல்டரிங் அயன்) பெடியன்கள் கையில், அறிக்கை பெட்டைகள் கையில். இப்போது ஒவ்வொரு செயன்முறைக்கும் வேலையை நானே மாற்றி எழுதிப் போடுகிறேன். முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பு இருக்கும், அப்புறம் இல்லை. பெடியன்களின் கையெழுத்தைத்தான் இன்னும் வாசிக்க முடியவில்லை.