குவாரி வெடியிலிருந்து ஏரிக்கரையைக் காப்பது

குவாரியைப் பார்த்த கரையடியில் அதிர்வுமானியை மண்ணுக்குள் இறுக்கமாகப் புதையுங்கள். மேலே சும்மா வைத்தால் அளவு பொய் சொல்லும். அதிர்வு கூடினால் மொத்த வெடிமருந்தை அல்ல, 8 மில்லிவினாடிக்குள் சேர்ந்து வெடிக்கும் எடையைக் குறையுங்கள். கணக்கு: வெடிக்கும் கரைக்கும் உள்ள தூரம் (மீட்டர்) ÷ √அந்த எடை (கிலோ). 200 மீட்டரில் 100 கிலோ என்றால் 20. 25 கிலோ என்றால் 40. எண் பெருகப் பெருக அதிர்வு தணியும்.

காய்ந்த தளர்மணல் அதிர்ச்சியை விழுங்கிவிடும். நீர் நிறைந்த மணலோ அப்படியே கடத்தும், வம்பு அங்கேதான். மண்துளைகளில் நீரழுத்தம் ஏறினால் மணல் பிடிப்பிழந்து குழம்பாகும். வெடிச்சத்தம் ஓய்ந்தபிறகும் கரை சரியலாம். ஆகவே வெடிக்கு முன்பும் பின்பும் பீசோமீட்டரை (மண்துளை நீரழுத்தம் அளக்கும் கருவி) பாருங்கள். அழுத்தம் பழைய நிலைக்கு இறங்காமல் அடுத்த வெடி கூடாது. கரைமேல் நீளவாக்கில் விரிசலோ, கசிவுநீரில் கலங்கலோ கண்டால் வெடியை நிறுத்தி, ஏரி நீர்மட்டத்தை மெல்ல இறக்குங்கள். சட்டென்று இறக்கினால் அதுவே கரையின் ஏரிப்பக்கச் சரிவைச் சரித்துவிடும்.