சாவுக்கு காசு கேக்கலாமா, கேட்டா எப்படி கேக்கணும்

எங்க மாமா கோத்தகிரி ரோட்டுல ஆக்சிடெண்ட்ல போயிட்டாரு, மோதின ஜீப்பு பக்கத்து ஊரு ஆளோடது. அத்தை ரெண்டு மாசம் நஷ்டஈடு கேஸே வேணாம்னு உக்காந்துட்டாங்க, ஏன்னா "பொணத்த வச்சு காசு பாக்குறாங்க"ன்னு எஸ்டேட் லைன் வீட்ல எவனோ சொன்னது காதுல விழுந்துடுச்சு. அப்படி பேசுறவன் யாரும் அந்த பசங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட போறதில்ல.

சரியா தப்பான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, காசு யாரு பாக்கெட்ல இருந்து வருதுன்னு பாருங்க. எஃப்ஐஆர் காப்பி வாங்குங்க, வண்டி ஆர்சி, இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் மூணும் உயிரோட இருக்கான்னு பாருங்க. இருந்தா குடுக்கப்போறது இன்சூரன்ஸ் கம்பெனி, இதுக்குன்னு தான் வருஷா வருஷம் பிரீமியம் கட்டுறாங்க, டிரைவர் குடும்பம் நடுத்தெருவுக்கு வராது. ஆனா நம்ம மலைல ஒரு சிக்கல், தேயிலை மூட்டை ஏத்துற பிக்கப்புல சும்மா லிஃப்ட் கேட்டு ஏறி போறோம்ல, அப்படி போறவங்களுக்கு இன்சூரன்ஸ் பொறுப்பு இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு. அப்போ வண்டிக்காரன் வீட்டு மேல தான் விழும். அங்க தான் உண்மையா மனசாட்சி கேள்வியே வருது, அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது, வீட்ல உக்காந்து பேசுங்க. கூலி வேலைக்கு கூட்டிட்டு போன முதலாளி இருந்தா அது வேற கணக்கு, வக்கீல்கிட்ட கேளுங்க.

சாவு வீட்லயே பெரியவங்க ஒரு ஸ்டாம்ப் பேப்பரோட வருவாங்க, லட்சம் ரூபா வாங்கிட்டு விட்டுடுங்கன்னு. அவசரப்பட்டு கையெழுத்து போடாதீங்க. கணக்கு இப்படி போகும்: செத்தவருக்கு 38 வயசு, சொந்தமா டெம்போ ஓட்டி மாசம் 15,000, நம்பி இருக்கிறது பொண்டாட்டி, ரெண்டு பசங்க, அம்மா. 40 வயசுக்குள்ளன்னா வருங்கால வருமானத்துக்கு 40% சேத்து 21,000, அதுல அவரு சொந்த செலவுக்கு கால் பங்கு கழிச்சா 15,750, வருஷத்துக்கு 1,89,000, அந்த வயசுக்கு 15ஆல பெருக்கினா 28,35,000. 2009லயும் 2017லயும் சுப்ரீம் கோர்ட் வகுத்த கணக்கு இது, யாரும் பிச்சை போடல.

ஆனா இந்த 15,000த்த 30,000ன்னு எழுத சொல்லி போலி சம்பள சர்டிபிகேட் ரெடி பண்ணி தர ஆளு வரும். வேணாங்க. டீ ஃபேக்டரில இலை போட்ட சீட்டு, பேங்க் பாஸ்புக், இதையே காட்டுங்க. லைசென்ஸ் இல்லாத தம்பி ஓட்டினத அண்ணன் ஓட்டினதா மாத்துறதும் அதே ரகம், ஒரு பொய் சாட்சில மாட்டினா நியாயமா வரவேண்டியதும் போயிடும், அதவிட செத்தவரு பேர்ல பொய் சொன்னோம்னு உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும்.

16ம் நாள் காரியம் முடிஞ்சதும் கிளம்பிடுங்க. ஆக்சிடெண்ட் நடந்து 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு சட்டத்துல இருக்கு, 2022 ஏப்ரல்ல அமலுக்கு வந்தது. வர்ற காசுல இத்தனை பர்சென்ட்னு பேசுற வக்கீல் பார் கவுன்சில் ரூலயே மீறுறாரு, அது எல்லாரும் பண்றதுதான்னு சொல்வாங்க, சொல்லட்டும். பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, ஊட்டில மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல கேளுங்க, இல்லன்னா 15100க்கு போன் போடுங்க.

காசு வாங்கினா டிரைவர மன்னிச்சதா ஆயிடுமோன்னு அத்தை பயந்தாங்க. ஆகாது. போலீஸ் கேஸ் சர்க்கார் நடத்துறது, அது தனியா ஓடும்.

பங்கு விஷயத்துல மாமியாரையும் மனுல சேருங்க, அந்த கிழவிக்கும் அவன் புள்ள தான். பசங்க பங்க பெரும்பாலும் 18 வயசு வரைக்கும் பேங்க்ல டெபாசிட்ல போட சொல்லிடுவாங்க, அத உடைக்க மச்சினன் எத்தன காரணம் சொன்னாலும் அசையாதீங்க.

கடைசியா, சம்மன் போறதுக்கு முன்னாடி வண்டிக்காரர் வீட்டுக்கு யாராவது ஒரு பெரியவர அனுப்பி "கேஸ் கம்பெனி மேல தான், உங்க பேரும் அதுல வரும்"னு சொல்லிடுங்க. நாங்க சொல்லாம விட்டுட்டோம். கோர்ட் தபால் திடீர்னு வந்து நின்னுச்சு, இன்னைக்கும் கோயில் திருவிழால எதிர்ல பாத்தா அவங்க வீட்ல முகத்த திருப்பிக்கிறாங்க.