அப்பாவுக்கு நினைவு மலர் போடுகிறீர்களா? கடையிலிருந்து தொடங்குங்கள்

கடை வைத்து நடத்திய ஒருவர் காலமானால், பதினாறாம் நாள் காரியத்துக்குள் நினைவு மலர் ஒன்று அச்சடித்துவிட வேண்டும் என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள். அந்த அவசரத்துக்குப் போகாதீர்கள். பதினாறு நாளில் தயாராவது எல்லா மலரிலும் இருக்கிற அதே பக்கங்கள்தான்: அட்டையில் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருப்பார்கள், உள்ளே "பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம், உழைப்பால் உயர்ந்தவர்", அப்புறம் நாலு தேவாரப் பாட்டு, கடைசியில் பேரன் பேத்திகள் பட்டியல். பெயரை மாற்றினால் பக்கத்துத் தெருப் பெரியவருக்கும் அப்படியே பொருந்தும். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு என்று வைத்துக்கொண்டால் நிதானமாகச் செய்யலாம்.

ஆனால் அந்தப் பதினாறு நாளில் தள்ளிப்போடக் கூடாத வேலை ஒன்று உண்டு. துக்கம் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேரை உங்களுக்குத் தெரியாது. மண்டிக்காரர், சரக்கு கொண்டுவந்த லாரி டிரைவர், எப்போதோ வேலை பார்த்துவிட்டுத் தனியாகக் கடை போட்டுப் போன பையன் (இப்போது அவருக்கே அறுபது வயதிருக்கும்), எதிர்க்கடை முதலாளி, எல்லாரும் தானாக வருவார்கள், அதற்குப் பிறகு வர மாட்டார்கள். ஒரு நோட்டை வாசலில் வைத்து, பெயர், ஊர், கைபேசி எண், அப்பாவை எப்படித் தெரியும் என்கிற நாலையும் எழுதி வாங்க ஒரு ஆளை உட்கார வையுங்கள். மலரில் உருப்படியாக வரப்போகிற விஷயத்தில் பாதி அந்த நோட்டிலிருந்துதான் கிடைக்கும்.

"குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்" என்று எல்லாரும் எழுதுகிறோம். சரி, எங்கே வாழ்ந்தார்? ஒரு மளிகைக் கடைக்காரர் காலையில் விடிவதற்குள் கடையைத் திறந்து ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரை இறக்குகிறவர். பிள்ளைகள் விழித்திருக்கும்போது அவர் வீட்டில் இருந்த நேரம் கொஞ்சம்தான். அதனால் அவருடைய பாசத்தைத் தேடிப் போக வேண்டிய இடம் கல்லாப்பெட்டியும் கணக்கு நோட்டும்தான். பழைய நாள்வழியை (அன்றாட வரவுசெலவு நோட்டு) எடுத்துப் பாருங்கள், சர்க்கரை மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் சொந்தப் பற்று என்று தனியாக ஒரு வரி இருக்கும்: பெரியவள் பரீட்சைப் பணம், தீபாவளித் துணி, அம்மாவின் மருந்து, தம்பி கல்யாணத்துக்குக் கொடுத்தது. எந்த மாதம் வியாபாரம் படுத்திருந்தது, அந்த மாதமும் எந்தச் செலவு நிற்கவில்லை என்று அந்தப் பக்கங்களே காட்டிவிடும். இப்படி இரண்டு பக்கத்தை மலரில் அப்படியே படமாகப் போட்டால், பக்கம் பக்கமாகப் புகழ்ந்து எழுத வேண்டிய அவசியமே இல்லை.

கணக்கு நோட்டோடு வேறு என்னென்ன தேட வேண்டும் என்றால், கடை திறப்பு விழா அழைப்பிதழ், கடைப் பெயர் போட்ட மஞ்சள் பை, புது வருடத்துக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த தினசரி காலண்டர் அட்டை, பழைய பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு, வாடகை ஒப்பந்தம், விற்பனை வரிப் பதிவுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் விற்பனை வரிக்குப் பதிலாக 2007 ஜனவரியில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்தது, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, ஒவ்வொரு தடவையும் பதிவு எண் மாறியதால் கடையின் வயதைக் கணக்கிட இந்தக் காகிதங்கள் உதவும். சமீபத்திய பில்கள் வெப்பத்தில் அச்சாகும் தாள், வைத்திருந்தால் வெளுத்துப் போகும், இன்றைக்கே படமெடுத்துவிடுங்கள். வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளையும் விடாதீர்கள், உறவுமுறையும் இனிஷியலும் சரியாக இருப்பது அதில்தான்.

புகைப்படம் கிடைக்கவில்லை என்று சொல்லாத வீடே கிடையாது. மனிதர் கடையில் நின்ற படத்தை யார் எடுத்தார்கள்? ஆனால் ஆயுத பூஜைப் படம் இருக்கும். தராசுக்கும் கல்லாவுக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, கடைப்பையன்கள் எல்லாரையும் நிற்கவைத்து எடுத்த படம் வேலை பார்த்தவர்களின் வீட்டில்கூடக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பழைய படத்தைப் பிய்த்து எடுக்க முயல வேண்டாம், மேல்பூச்சு கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படமாக இருந்தால் ஸ்கேனரில் தெளிவின் அளவை 600 டிபிஐ என்று வையுங்கள், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும் என்பதால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்து ஆட்களிடம் கேட்பது. "அப்பாவைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். முதல் போணி யாருடையது? மத்தியானச் சாப்பாடு கடைக்கு யார் கொண்டுவருவார்கள்? தப்பாக எடை போட்டால் என்ன சொல்லுவார்? கடன் கேட்டு வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவார்? எதற்குக் கோபம் வரும்? போனில் பதிவு செய்துகொண்டு, பிறகு எழுதுங்கள். அம்மாவிடம் கூடத்தில் நாலு பேர் நடுவில் கேட்காதீர்கள், அவர் சமையலறையில் வேலையாக இருக்கும்போது கேட்டால் தானாக வரும்.

வருடம் யாருக்கும் நினைவில் இருக்காது. "கடை எப்போ ஆரம்பிச்சார்" என்றால் "ரொம்ப வருஷம் ஆச்சு" என்பார்கள். பொதுச் சம்பவங்களை வைத்துப் பிடியுங்கள். தனுஷ்கோடிப் புயலுக்கு (1964 டிசம்பர்) முன்னாலா பின்னாலா, அண்ணா இறந்தபோது (1969 பிப்ரவரி 3) எந்த ஊரில் வேலை, எம்.ஜி.ஆர். இறந்தபோது (1987 டிசம்பர் 24) கடை பழைய இடத்திலா புது இடத்திலா, சுனாமிக்கு (2004 டிசம்பர் 26) யார் கடையைப் பார்த்துக்கொண்டார்கள், 500, 1000 ரூபாய் செல்லாது என்று அறிவித்த ராத்திரி (2016 நவம்பர் 8) கல்லாவில் என்ன நடந்தது? இப்படிக் கேட்டால் கதையே தொடங்கிவிடும். மிக மூத்தவர்களிடம் இன்னொரு கேள்வி: படி, வீசை என்கிற பழைய அளவுக் கணக்கில் சாமான் போட்டதுண்டா? ரூபாய்க்கு நூறு என்கிற நயா பைசா 1957இல் வந்தது, கிலோக் கணக்கு அதையடுத்த சில வருடங்களில் வந்தது, அதைப் பார்த்தவர்கள் சொல்வது உங்கள் மலருக்கு மட்டுமல்ல, உங்கள் ஊருக்கே பயன்படும்.

கடன் நோட்டு விஷயத்தில் கவனம் வேண்டும். யார் எவ்வளவு பாக்கி வைத்தார்கள் என்ற பக்கம் ஒருபோதும் அச்சாகக் கூடாது, பெயரை மறைத்தாலும் ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். "பாக்கியைத் திருப்பிக் கேட்கவே மாட்டார்" என்று பெருமையாக எழுதுவதற்கு முன்னால் கூட ஒரு தடவை யோசியுங்கள், பாக்கி வைத்தவர் மலரைக் கையில் வாங்கிப் படிக்கப் போகிறார். அப்பாவுடைய கோபத்தையும் பிடிவாதத்தையும் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம், எழுத வேண்டும். முன்கோபம் இல்லாத கடைக்காரர் என்று எழுதினால் வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பங்காளித் தகராறு, சொத்துப் பிரிவினை, கூட்டு வியாபாரம் உடைந்த கதை இதெல்லாம் மலருக்குள் வேண்டாம், பதில் சொல்ல முடியாதவரின் பெயரில் ஒரு பக்க நியாயத்தை அச்சேற்றுவது சரியில்லை.

எழுதும்போது பிறந்த ஊரிலிருந்து ஆரம்பிக்காமல், கடையின் ஒரு சாதாரண நாளை முதலில் எழுதுங்கள், திறப்பதிலிருந்து பூட்டுவது வரை. அதற்குப் பிறகு பிறப்பு, முதல் வேலை, கல்யாணம் எல்லாம் வரட்டும். பெயர்ப் பட்டியலை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். மகள்கள் வீட்டு உறவுகளும் வேலை பார்த்தவர்களும் விடுபட்டால் அது வருடக்கணக்கில் பேச்சாகும், மருமகன் பெயரில் எழுத்துப்பிழை வந்தாலும் அப்படித்தான்.

அச்சுக்கு: நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். நூறு, இருநூறு பிரதிக்கு டிஜிட்டல் அச்சு போதும், அதிகம் என்றால் ஆஃப்செட் கட்டுப்படியாகும். பல அச்சகங்களில் பழைய எழுத்துரு முறைதான், உங்கள் யூனிகோடு எழுத்தை அவர்கள் மாற்றும்போது 'ஸ்ரீ', 'ஷ' போன்றவை சிதறும், அதனால் கடைசி புரூஃபைத் தாளில் வாங்கி ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாளுக்கு 'கல்வெட்டு' என்று இப்படிப்பட்ட புத்தகம் போடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அவற்றில் ஏராளமானவற்றை நூலகம் அறக்கட்டளை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது, ஊர் வரலாறு தேடுகிறவர்கள் அங்கே போய்ப் படிக்கிறார்கள். போடுவதற்கு முன் நாலைந்து மலரைப் புரட்டிப் பாருங்கள், எது நிற்கிறது, எது வெறும் அலங்காரம் என்று தெரிந்துவிடும். உங்கள் மலரின் பிடிஎஃப்பை அச்சகத்திடமிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, படங்களில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதி, ஊர் நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுத்துவிடுங்கள்.