உபுண்டுவில் ஜாவா 21 இருக்கும்போதே ஜாவா 8-ஐயும் போடுவது எப்படி?

மாமா கடையில் ஒரு பழைய ஸ்டாக் கணக்கு மென்பொருள் ஓடுகிறது. ஜாவா 8 காலத்துச் சரக்கு. அதில் ஏதோ சிக்கல் என்று என் மடிக்கணினிக்குக் கொண்டுவந்து திறந்தேன். என்னிடம் இருப்பது உபுண்டு 24.04, ஜாவா 21. மென்பொருள் திறக்கவில்லை, ஜாக்ஸ்பி வகுப்பைக் காணோம் என்று திரை முழுக்கப் பிழைச்செய்தி. எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்க உதவும் ஜாக்ஸ்பி முன்பு ஜாவாவோடு சேர்ந்தே வந்தது. 2018-ல் வெளியான ஜாவா 11-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

21-ஐ நீக்கினால் என் வேலை நின்றுவிடும். நீக்கவும் தேவையில்லை. உபுண்டுவில் மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் கருவியான ஆப்ட், ஒரே பெயருள்ள தொகுப்பில் ஒரு பதிப்பைத்தான் வைத்திருக்கும். ஆனால் ஜாவாவில் பதிப்பு எண் தொகுப்பின் பெயரிலேயே இருக்கிறது. அதனால் ஆப்ட்டைப் பொறுத்தவரை 8-ம் 21-ம் வெவ்வேறு ஆட்கள்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் நிறுவல்:

சுடோ ஆப்ட் அப்டேட்
சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓபன்ஜேடிகே-8-ஜேடிகே

முடிந்ததும் சோதியுங்கள்:

ஜாவா -வெர்ஷன்

இன்னமும் 21 என்றே வரும். நிறுவல் தோற்றுவிட்டது என்று நினைத்துத் திரும்பப் போடாதீர்கள். 'ஜாவா' என்ற கட்டளை வெறும் கைகாட்டி மரம்தான். உண்மையான ஜாவாக்கள் '/யூஎஸ்ஆர்/லிப்/ஜேவிஎம்' அடைவுக்குள் தனித்தனியாகக் குடியிருக்கின்றன. நாம் எதையும் தொடாதவரை, முன்னுரிமை எண் அதிகமுள்ளதை உபுண்டு காட்டும். 21-க்கு 2111, 8-க்கு 1081.

கைகாட்டியைத் திருப்ப:

சுடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --கான்ஃபிக் ஜாவா

எண் போட்ட பட்டியல் ஒன்று வரும். இப்போது நடப்பில் உள்ள வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும். 'ஜாவா-8' என்று பாதையில் உள்ள வரியின் எண்ணைத் தட்டி என்டர் கொடுங்கள். மறுபடி பதிப்பைக் கேட்டால் '1.8.0' என்று காட்டும். பயப்பட வேண்டாம், ஜாவா 8-க்கு அதுதான் பழைய பெயர். இன்னொன்று, 'வெர்ஷன்' முன்னால் ஒரு கோடு மட்டும் போடுங்கள். இரண்டு கோடு போட்டால் 8-க்குப் புரியாது.

நான் இத்தோடு நிறுத்திக்கொண்டு அரை நாளைத் தொலைத்தேன். சின்ன சோதனை நிரல் ஒன்றை கம்பைல் செய்து (அதாவது ஜாவா ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றி) ஓட்டினால், 'கோப்பின் பதிப்பு 65, எனக்கு 52 வரைதான் தெரியும்' என்கிற மாதிரி ஒரு பிழை. 65 என்பது ஜாவா 21-ன் எண், 52 என்பது 8-ன் எண். அதாவது ஓட்டுவது 8, கம்பைல் செய்வது 21! கம்பைலரான 'ஜாவாசி'க்குத் தனிக் கைகாட்டி இருக்கிறது. மேலே உள்ள கட்டளையில் 'ஜாவா' இருக்கும் இடத்தில் 'ஜாவாசி' போட்டு அதையும் திருப்பிவிடுங்கள். மேவன், கிரேடில் போன்ற நிரல் கட்டும் கருவிகளைப் பயன்படுத்துகிறவர்கள், ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் 'ஜாவா_ஹோம்' என்ற சூழல் மாறி எங்கே காட்டுகிறது என்பதையும் பாருங்கள் (இந்தப் பெயர் மட்டும் பெரிய எழுத்தில்). அது இந்தக் கைகாட்டிகளோடு சேர்ந்து மாறாது.

திரும்ப 21 வேண்டுமென்றால் 'ஜாவா', 'ஜாவாசி' இரண்டின் பட்டியலிலும் 0-ஐத் தேர்ந்தெடுத்தால் போதும்.

சரி, ஒரே ஒரு மென்பொருளுக்காக இப்படி மாற்றி மாற்றித் திருப்ப வேண்டுமா? வேண்டாம். முழுப் பாதையையும் கொடுத்து ஓட்டலாம்:

/யூஎஸ்ஆர்/லிப்/ஜேவிஎம்/ஜாவா-8-ஓபன்ஜேடிகே-ஏஎம்டி64/பின்/ஜாவா -ஜார் கணக்கு.ஜார்

கடைசியில் உங்கள் கோப்பின் பெயரைப் போடுங்கள். இந்த வரியை ஒரு சின்ன ஸ்கிரிப்டில் வைத்திருக்கிறேன். கைகாட்டி 21-ஐயே காட்டிக்கொண்டிருக்கிறது. மாமாவின் கணக்கு மட்டும் 8-ல் ஓடுகிறது.