மோவர் டெக் ஓவர்ஹால்: பெயிண்ட் டப்பாவை ஓரமா வைங்க, முதல்ல ஸ்பிண்டிலைப் பாருங்க

லான் டிராக்டர்ல புல்லு வெட்டுறப்போ ஒரு பக்கம் மட்டும் வரி வரியா வெட்டாம நிக்குது, டெக்கை (பிளேடுங்களை மூடி இருக்குற அடிப்பக்கக் கூடு) ஆன் பண்ணதும் கரகரன்னு சத்தம், சீட்டு வரைக்கும் அதிர்வு ஏறுது, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் டெக்கை இறக்கிப் பாக்க வேண்டிய நேரம் வந்துருச்சு. முக்கால்வாசி பேரு டெக்கை இறக்கினதும் துருவைத் தேச்சு பளபளன்னு பெயிண்ட் அடிக்கிறதுல முழு நாளையும் ஓட்டிடுவாங்க, ஆனா பெயிண்ட் அழகா இருக்குறதால மட்டும் வெட்டு நல்லா வந்துடாது. வெட்டைக் கெடுக்கிறது ஸ்பிண்டில் (பிளேடைத் தாங்கிச் சுத்துற ஷாஃப்ட்டும் பேரிங்கும் சேர்ந்த செட்), பிளேடு, லெவல் இந்த மூணுதான், அதனால நேரத்தையும் காசையும் அங்க போடுங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி

இன்ஜினை ஆஃப் பண்ணி சாவியை எடுத்துட்டு, ஸ்பார்க் பிளக் வயரையும் புடுங்கி ஒதுக்கி வைங்க, இதை மட்டும் எந்த அவசரத்துலயும் விட்டுடாதீங்க. தடிமனான கையுறை போட்டுக்கிட்டு ஒவ்வொரு பிளேடோட நுனியையும் புடிச்சு மேல கீழ ஆட்டிப் பாருங்க. டக் டக்னு ஆடினா அந்த ஸ்பிண்டில் பேரிங் போச்சு. அப்புறம் பிளேடைக் கையால சுத்தி, ஒரு நுனி டெக் விளிம்புல ஏதாவது ஒரு இடத்துக்கு நேரா எவ்ளோ உயரத்துல நிக்குதுன்னு அளந்துக்கோங்க, பாதி சுத்து சுத்தி அடுத்த நுனியை அதே இடத்துல அளங்க. 3 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா பிளேடு வளைஞ்சிருக்கு, இல்ல ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு. நேரா இருக்குற வேற பிளேடை மாட்டி அளந்தா எதுன்னு தெரிஞ்சிடும்.

டெக்கை இறக்குறது

சமமான தரையில நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, டெக்கை இருக்குறதுலயே கீழ் உயரத்துக்கு இறக்குங்க. பெல்ட் எந்தப் புல்லியை எப்படிச் சுத்திப் போகுதுன்னு ஃபோன்ல நாலஞ்சு போட்டோ எடுத்துக்கோங்க, திரும்ப மாட்டும்போது ஞாபகம் இருக்கும்னு நம்பவே நம்பாதீங்க. அப்புறம் இன்ஜின் புல்லியில இருந்து பெல்ட்டை எடுத்துட்டு, டெக்கைத் தாங்குற பின்னுங்களோட கிளிப்பை ஒவ்வொண்ணா உருவி எடுங்க. சில மாடல்ல டெக் உயரத்தை மாத்துற லீவருக்கு பலமான ஸ்பிரிங் இருக்கும், டெக்கோட பாரம் போனதும் அது படார்னு மேல எகிறும், முகத்தைக் கிட்ட வச்சுக்கிட்டு குனிஞ்சிருக்காதீங்க. முன் சக்கரத்தை ஒரு பக்கமா முழுசா ஒடிச்சு வச்சா டெக்கை பக்கவாட்டுல இழுத்து எடுத்துடலாம்.

சுத்தம் பண்றது

அடியில காஞ்ச புல்லு அட்டை மாதிரி இறுகிக் கெடக்கும். பட்டைத் தகடு வச்சு சுரண்டி எடுத்துட்டு மிச்சத்துக்கு வயர் பிரஷ் போடுங்க, கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கோங்க. பிரஷர் வாஷர் இருந்தா தாராளமா அடிங்க, ஆனா பேரிங் மேல நேரா அடிச்சா சீலைத் தாண்டி தண்ணி உள்ள போயிடும். சுத்தமானதும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால துரு புடிச்ச இடத்தையெல்லாம் குத்திப் பாருங்க. முக்கியமா ஸ்பிண்டில் உக்கார்ற இடத்தைச் சுத்தி முடி மாதிரி விரிசல் இருக்கான்னு லைட் அடிச்சுப் பாக்கணும். அங்க தகடு தளர்ந்துட்டா புது ஸ்பிண்டில் போட்டாலும் ஆடிக்கிட்டேதான் இருக்கும்.

ஸ்பிண்டில், இதுதான் உண்மையான வேலை

பிளேடு போல்ட்டைக் கழட்ட பிளேடுக்கும் டெக் சுவருக்கும் நடுவுல ஒரு மரக்கட்டையை முட்டுக் குடுத்தா சுத்தாது. பெரும்பாலும் சாதாரண மரைதான், ஆனா சில டெக்ல இடது மரை (எதிர்ப் பக்கமா சுத்திக் கழட்டுறது) இருக்கும், மேனுவலைப் பாக்காம முழு பலத்தையும் போட்டா போல்ட் தலை உடைஞ்சு கையில வந்துடும். துரு ஏறியிருந்தா துரு விடுற ஸ்ப்ரே அடிச்சுட்டு நல்லா ஊற விடுங்க.

ஹவுசிங்கை (பேரிங் உக்கார்ற கூடு) தனியா எடுத்ததும் கேக்க வேண்டிய கேள்வி, பேரிங் மட்டும் மாத்துறதா, முழு ஸ்பிண்டில் செட்டா? பழைய பேரிங் ஹவுசிங்குள்ள இறுக்கமா நின்னுச்சுன்னா பேரிங் மட்டும் போதும். வெளி வளையமே ஹவுசிங்குள்ள சுத்தி அலுமினியத்தைத் தின்னுருந்தா, ஷாஃப்ட் தேஞ்சிருந்தா, முழு செட்டா வாங்கிடுங்க. முதல் தடவை பண்றவங்களுக்கு முழு செட்டே நிம்மதின்னு நான் சொல்லுவேன். ஒண்ணு கவனிங்க, சில புது ஹவுசிங்ல போல்ட் ஓட்டைக்கு மரையே இருக்காது, கூட வர்ற போல்ட்டே மரை வெட்டிக்கிட்டு உள்ள போகும், கோணலா ஆரம்பிச்சா ஹவுசிங் பாழ்.

பேரிங்தான்னா அதோட ஓரத்துல நம்பர் இருக்கும். நிறைய டெக்ல 6203 வரும், உள்ள 17, வெளிய 40, அகலம் 12 மி.மீ. 6204ன்னா 20, 47, 14. ஆனா சில மாடலுக்கு 6203 உடம்புலயே உள் துளை மட்டும் இன்ச் அளவுல வர்றதும் உண்டு, அதனால நம்பரை மட்டும் நம்பாம ஷாஃப்ட்டையும் அளந்துட்டு வாங்குங்க. ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்குற பேரிங்கா கேளுங்க. புது பேரிங்கை கொஞ்ச நேரம் ஃப்ரீசர்ல வச்சு, ஹவுசிங்கை லேசா சூடு பண்ணினா சுலபமா இறங்கும். தட்ட வேண்டி வந்தா பழைய பேரிங்கோட வெளி வளையத்தை மேல வச்சு அதைத் தட்டுங்க. உள் வளையத்துல அடி பட்டா உள்ள இருக்குற குண்டுங்க தடம் பதிஞ்சு, புது பேரிங்கே கரகரக்கும். ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு குழாய் மாதிரி ஸ்பேசர் இருக்கும், அதை மறந்துட்டு நட்டை முறுக்கினா பேரிங் நசுங்கி சீக்கிரமே செத்துடும்.

ஓட்டை, துரு, பெயிண்ட்

சின்ன ஓட்டைக்கு தகடு வச்சு வெல்டிங் பண்ணலாம். துத்தநாகம் பூசின தகடை மட்டும் அப்படியே வெல்ட் பண்ணாதீங்க, அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. மத்தபடி துரு கன்வெர்ட்டர், பிரைமர், எனாமல், அவ்ளோதான். அடிப்பக்கம் என்ன பெயிண்ட் அடிச்சாலும் மண்ணும் கல்லும் தேச்சுத் தேச்சு எடுத்துடும், அங்க ரொம்ப மெனக்கெடாதீங்க.

பிளேடு, புல்லி, பெல்ட்

பிளேடோட வெட்டுற விளிம்பை சுமாரா 30 டிகிரில, பழைய சாய்வு எப்படி இருந்துச்சோ அப்படியே தீட்டுங்க, நீலம் பூக்குற அளவுக்கு சூடாக்காதீங்க. அப்புறம் நடு ஓட்டையை ஒரு ஆணியில மாட்டிப் பாருங்க, எந்தப் பக்கம் தாழுதோ அங்க கொஞ்சம் தேய்க்கணும். இந்த பேலன்ஸ் தேவையான்னு கேட்டா, பிளேடு நுனியோட வேகத்துக்கு அமெரிக்க பாதுகாப்பு தரநிலை வச்சிருக்குற உச்ச வரம்பே நிமிஷத்துக்கு 19,000 அடி தூரம், அந்த மாதிரி வேகத்துல சின்ன எடை வித்தியாசம்கூட புது பேரிங்கைத் தின்னுடும். மாட்டும்போது மடிஞ்ச இறக்கை டெக் பக்கமா மேல பாத்து இருக்கணும்.

பெல்ட்டை இறுக்கமா வச்சிருக்குற டென்ஷன் புல்லிங்களைக் கையால சுத்திப் பாருங்க, சத்தம் வந்தா மாத்துங்க. பெல்ட் அளவு சரியா இருக்குன்னு சாதாரண வி பெல்ட்டைப் போடாதீங்க, டெக் பெல்ட் வழுக்கிப் புடிக்கிறதுக்குன்னே தனியா செஞ்சது. உங்க டெக்ல பல்லு வச்ச டைமிங் பெல்ட் இருந்தா பிளேடுங்க ஒண்ணுக்கொண்ணு குறுக்கா நிக்கணும், மேனுவல்ல படம் இருக்கும், அதைப் பாத்து செட் பண்ணலேன்னா ரெண்டும் மோதிக்கும்.

லெவல்

டெக்கை மாட்டிட்டு முதல்ல நாலு டயர்லயும் காத்து சரி பண்ணுங்க, அது சரியில்லாம அளக்குறது வீண். பிளேடுங்களைக் குறுக்கா திருப்பி இடது நுனி, வலது நுனி தரையில இருந்து எவ்ளோ உயரம்னு பாருங்க, 3 மி.மீ.க்குள்ள இருக்கணும். அப்புறம் முன்னும் பின்னுமா திருப்புங்க, முன் நுனி பின் நுனியை விட 3லேர்ந்து 6 மி.மீ. வரைக்கும் தாழ்ந்து இருக்குறது பொதுவா சரி, உங்க மேனுவல் வேற சொன்னா அதைக் கேளுங்க. டெக் ஓரத்துல இருக்குற குட்டிச் சக்கரங்க சமதரையில தரையைத் தொடவே கூடாது.

ஓட்டிப் பாக்குறது

போல்ட்டெல்லாம் டார்க் ரெஞ்ச்ல (முறுக்குற பலத்தை அளந்து காட்டுற ஸ்பேனர்) மேனுவல் சொல்ற அளவுக்கு முறுக்கிட்டு பிளக் வயரை மாட்டுங்க. பக்கத்துல ஆளுங்களோ சின்னப் பசங்களோ இல்லாம பாத்துக்கிட்டு, இன்ஜினை மெதுவா ஓட விட்டு டெக்கை ஆன் பண்ணுங்க, சத்தம் சீரா இருந்தா வேகத்தை ஏத்துங்க. ஆஃப் பண்ணதும் பிளேடு 5 செகண்டுக்குள்ள நிக்கணும், நிக்கலேன்னா பிளேடு பிரேக் பேடைப் பாக்காம வெட்டப் போகாதீங்க. கொஞ்ச நேரம் புல்லு வெட்டிட்டு நிறுத்தி, சாவியை எடுத்து பிளக் வயரைத் திரும்பக் கழட்டிட்டு ஒவ்வொரு ஸ்பிண்டில் ஹவுசிங்கையும் தொட்டுப் பாருங்க. எல்லாம் ஒரே மாதிரி வெதுவெதுப்பா இருந்தா சரி, ஒண்ணு மட்டும் கை வைக்க முடியாம கொதிச்சா அதைத் திரும்பக் கழட்டி ஸ்பேசர் இருக்கான்னு பாருங்க.